செவலை உருளப் பழகிய நாட்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு மாமா கொல்லிமலைக்குத் திரும்பியபோது, ஒரு கருப்புக் கம்பளியையும் யாரும் நம்பாத ஒரு சேதியையும் கொண்டுவந்தார். அங்கே தோட்ட முதலாளி துரை வீட்டு நாய், "உருளு" என்று சொன்னால் தரையில் படுத்து ஒரு சுற்று உருண்டு எழுந்து நிற்குமாம்.

"உருண்டா பன்னி ஓடிருமா?" என்று கேட்டார் அப்பா. சாமைக் காட்டில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதைத் தவிர ஒரு நாய்க்கு வேறு வேலை இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். நான் அப்போது எட்டு வயதுச் சிறுமி. அவர் சொன்ன எதையும் நான் சந்தேகித்ததில்லை. எங்கள் நாய் செவலையையும் உருளப் பழக்க வேண்டும் என்று நச்சரித்தேன். முதலில் பிடி கொடுக்காதவர், ஒருநாள் திடீரென்று சம்மதித்தார். ஆனால் எங்கள் வாசலில் கல் அதிகமாம். பக்கத்து ஊர் ஊற்றுக்கு மேலே உள்ள புல்மேடுதான் தோதான இடமாம். அங்கே போவதற்குள் வழியில் இரண்டு புல்மேடுகளைத் தாண்ட வேண்டியிருந்தது. துரை வீட்டு வித்தைக்கு உசத்தியான புல் வேண்டும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாடம் உடனே பலிக்கவில்லை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைக் காட்டி "உருளு, உருளு" என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். செவலை கிழங்கைத் தின்றது, உருளவில்லை. காலைப் பிடித்துப் புரட்டினேன். என் கையை நக்கியது. மாமாவோ ஊற்றுக்கு வரும் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தடத்தில் ஒரு அக்கா குடத்தோடு வந்தாள். நாங்கள் நாயைப் புரட்டுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, நாய்க்கு வயித்து வலிங்களா?"

ஏற்காட்டுக் கதைகளை ஓயாமல் சொல்லும் மாமா, அன்றைக்குக் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான்தான் பதில் சொன்னேன். "இல்லீங்க அக்கா, துரை ஊட்டு நாயாட்டம் உருளப் பழக்குறோம்."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "புடிச்சுப் புரட்டுனா யாரு உருளுவாங்க கண்ணு? மொதல்ல வயித்தைச் சொறிஞ்சு உடு" என்று சொல்லி, செவலையின் வயிற்றை மெல்லச் சொறிந்தாள். அது சுகத்தில் கண்ணை மூடி மல்லாந்தது. கிழங்கை அதன் மூக்குக்கு நேரே காட்டி, மெல்ல மறுபக்கம் கொண்டுபோனாள். செவலை உருண்டுவிட்டது!

வேறொருத்தி பழக்கிவிட்டாளே, மாமாவுக்கு ரோசம் வருமோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். மாமா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அதன்பிறகு தினமும் அந்த அக்கா வந்தாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, "உருளு" என்ற சொல்லுக்கே செவலை உருண்டது. வீட்டில் போய்க் காட்டலாம் என்று குதித்தேன்.

"இடப்பக்கம் மட்டுந்தானே உருளுது? வலப்பக்கம் பழக வேண்டாமா?" என்றார் மாமா.

அக்காவும் அது நியாயந்தான் என்றாள். வலப்பக்கம் பழக இன்னும் பதினைந்து நாள் ஆயிற்று. பாடம் நடத்தியதெல்லாம் நான்தான். அவர்கள் இருவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அடுத்து என்ன பழக்கலாம் என்று யோசனை செய்தார்கள்.

பிறகு ஒருநாள் அக்கா வரவில்லை. அவளுடைய அப்பா வந்தார். பெரிய மீசை, தோளில் கொடுவாள்.

"இங்க என்ன வேல உனக்கு?"

"நாய் பழக்குறேனுங்க" என்றார் மாமா.

"உங்க ஊர்ல எடமில்லாமயா இங்க வந்து நாய் பழக்குற? ஆருகிட்டச் சொல்ற கதை?"

மாமாவைப் பொய்யர் என்கிறாரே! எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உருளு" என்று கத்தினேன். மீசைக்காரரைக் கண்டு மிரண்ட செவலை வாலைச் சுருட்டிக்கொண்டு என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பொய்யில்லீங்க! வேணும்னா உங்க ஊட்டு அக்காவைக் கேளுங்க. அதுதானுங்க தெனமும் வந்து எங்ககூட உக்காந்து பழக்குச்சு!"

மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"தெனமுமா?" என்றார் மீசைக்காரர்.

"தெனமுங்க. மழை பேஞ்ச அன்னிக்குக்கூட வந்துச்சுங்க. மாமா கம்பளியைக் குடுத்தாருங்க."

அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், "நாளைக்கு உன் மச்சானை எங்க ஊட்டுக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மச்சான் என்றால் என் அப்பா. அப்பாவிடமே புகார் போகப் போகிறது. என் வாயால் மாமா மாட்டிக்கொண்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமாவோ திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் என் மடியில் கொட்டி, என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து ஓடினார். பயத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நம்பினேன்.

மறுநாள் காலை அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் ஒரு தாறு மலைவாழையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, செவலையையும் கூட்டிக்கிட்டுப் போங்க. உருண்டு காட்டுனா அவங்க கோவம் போயிரும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அப்பா மறுக்கவில்லை. செவலையை அழைத்துக்கொண்டே போனார்.

மதியம் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. வழியிலேயே ஓடிப்போய் மறித்தேன்.

"கோவம் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு கண்ணு."

"செவலை உருண்டுச்சுங்களா?"

"ரெண்டு பக்கமும் உருண்டுச்சு" என்றார் அப்பா.

அன்று என் பங்குச் சாமைச்சோற்றில் பாதியைச் செவலைக்கு வைத்தேன். மாமாவைக் காப்பாற்றியது அதுதான் அல்லவா!