வேண்டாத குகையில் செல்வி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மன்னவனூரில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனிதான், அதில் பக்கத்து வீட்டு ஆடுகூடப் பேய் மாதிரிதான் தெரியும். அதற்கெல்லாம் பயந்தால் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அருள், கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர். சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் மத்தியானம்தான் வருவார். நான் டூரிஸ்ட் காட்டேஜில் ரூம் சுத்தம் செய்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கையில் வைத்து விளையாடுகிற ஒரு வீடியோ கேம்தான். வீட்டில் இருக்கும்போது அவர் விளையாடுவார், அவர் வண்டி எடுத்ததும் நான். ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வோம். அதில் வருகிற வீரர்களுக்குப் பேரும் நாங்களே வைத்தோம். அருள், ஜெசி, அப்புறம் எங்கள் நாய் மணி. பெரிய வாள் மணிக்குத்தான்.

அந்தக் கேம் வரிசையில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் ஒரு விஷயம் உண்டு. கடைசி அரக்கனைக் கொன்று, ராஜ்யத்தைக் காப்பாற்றி, கேமைச் செய்தவர்கள் பேரெல்லாம் ஓடி முடிந்த பிறகு, வரைபடத்தில் புதிதாக ஒரு குகை திறக்கும். போகச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கீழே கீழே தளங்கள், ஒன்றைவிடக் கொடியதாக இன்னொரு மிருகம், அவ்வளவுதான். நாங்கள் அதை வேண்டாத குகை என்போம். அதன் வாசலில் நாலாவதாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு, நாமே பேர் வைக்கலாம்.

ஒரு நாள் நான் திறந்தபோது நாலாவது ஆள் நின்றுகொண்டிருந்தாள். பேர் செல்வி.

எங்கள் சொந்தத்தில் செல்வி கிடையாது. தெருவில் கிடையாது. இருந்ததிலேயே நல்ல வெள்ளிக் கவசம் அவள் மேல் இருந்தது. ஜெசிக்கு ஆரம்பத்தில் போட்ட அதே தோல் சட்டை. ஜெசி என்றால் நான். கவசத்தைக் கழற்றி எனக்குப் போட்டேன். மறுநாள் பார்த்தால் திரும்பவும் அவள் மேல்.

யாரென்று கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார், அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டுமே என்று வயிறு எரிந்தது. குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அவரோ சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்து குகைக்குள் இறங்கிவிடுவார்.

"கதைதான் முடிஞ்சு போச்சுல்ல, இன்னும் என்ன சோலி உங்களுக்கு அங்க?"

"முடிஞ்ச பொறவுதான்டி ஆட்டமே இருக்கு."

"இருக்கும், இருக்கும். கூட வர்ற ஆளு அப்படி."

"என்னடி குத்திக் குத்திப் பேசுற? கொழம்பு வேற உப்புக் கரிக்குது."

அப்புறம் ஒரு நாள் பேய்க்காற்று. மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது, டவரும் இல்லை, என் போன் செத்துக் கிடந்தது. மலைப்பாதையிலும் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள், மத்தியானம் தாண்டியும் அவர் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை, எதிர் வீடே தெரியவில்லை. கேமில் மட்டும் சார்ஜ் இருந்தது. இன்றைக்கு அவளை அனுப்பிவிடுகிறேன் என்று எடுத்தேன்.

குகை வாசலில் ஆளை விலக்கலாம். விலக்கினால் "ஊரில் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஊர்ப் பக்கம் நடப்பார்கள், எல்லாப் பாகத்திலும் அப்படித்தான். செல்வி எதுவும் சொல்லவில்லை. திரும்பிக் குகைக்குள் நடந்து போனாள். நம்புங்கள் நம்பாமல் போங்கள், போனாள்.

விடுவேனா? நானும் பின்னாலேயே இறங்கினேன். ஒரு மிருகம்கூட வரவில்லை. புதையல் பெட்டிகளெல்லாம் திறந்து கிடந்தன. நாங்கள் செத்துச் செத்துத் தோற்ற தளமெல்லாம் காலியாக இருந்தது. ஆகக் கடைசித் தளத்தில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேசுகிற பட்டனை அமுக்கினேன். கேள்வி எதுவும் வரவில்லை, யெஸ், நோ என்று மட்டும் வந்தது. எதற்கு என்றே தெரியாமல், இருந்த ஆத்திரத்தில் நோ அமுக்கினேன். கேம் அணைந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம் அவர் வந்தார். கையில் இரண்டு பொட்டலம் மல்லிகைப்பூ.

"எதுக்கு ரெண்டு?"

"நீதானடி சொன்ன. மத்தியானம் போன் போட்டு, எனக்கு ஒண்ணு, செல்விக்கு ஒண்ணுன்னு. ஆமா, யாரு அது செல்வி? உங்கூட வேல பாக்குற புள்ளையா?"

பொட்டலங்களை வாங்கிக் கட்டில் மேல் போட்டேன்.

"யாருன்னு எங்கிட்டயே கேக்கறீங்களா? குகைக்குள்ள சேத்துக்கிட்டு, வெள்ளிக் கவசம் போட்டு அழகு பாத்தது யாரு?"

"ஏ, நீ வச்ச பேருன்னுல்ல நெனச்சேன்! நீதான் அவளுக்குக் கவசத்த மாட்டி மாட்டி விடுறன்னு நெனச்சேன்."

மணி மேல் சத்தியமாக நான் வைக்கவில்லை என்றார். மணி விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மத்தியானம் வந்த அழைப்பு, என் பேர், என் நம்பர். என் போன் அலமாரியில் உயிரில்லாமல் கிடந்தது. எடுத்துக் காட்டினேன்.

"வெளாடாதடி," என்றார். "உங்குரல் எனக்குத் தெரியாதா?"

ஒரு பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். இன்னொன்றை யாருக்கென்று கொடுப்பது? சுவரில் ஆணியில் மாட்டினேன். மறுநாள் கரண்ட் வந்ததும் கேமைத் திறந்தால் செல்வி பழையபடி நாலாவது இடத்தில், கவசத்தோடு நிற்கிறாள். என் தலையில் இருந்த பூ கருத்துப் போயிருந்தது. ஆணியில் இருந்தது அப்போதுதான் கட்டியது மாதிரி இருந்தது.

கேமைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டாயிற்று. இப்போது இரண்டு பேரும் தொடுவதில்லை. அதெல்லாம் கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் நல்ல மனநிலையில் இருக்கும்போது அவர் இன்றைக்கும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்று கேட்கிறார்.

"அன்னைக்குப் போன்ல சிரிச்சியே ஜெசி, அந்தச் சிரிப்ப ஒரு தரம் சிரியேன்."