எவாரிஸ்தோவின் பின்சக்கரம்

எவாரிஸ்தோ மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றுகிற நாளில் அவர் வீட்டில் சாப்பிடக் கரண்டி இருக்காது. மூன்று கரண்டிகளும் டயருக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவே செருகிக் கிடக்கும். வண்டி ஒரு பீர்ப் பெட்டியின்மேல் ஏறி நிற்கும். ஸ்பானரின் பிடி நீளம் போதாதென்று அவர் மாட்டியிருக்கும் குழாய், கட்டிலின் கால். நான்கு வருடமாகக் கட்டில் ஒரு பக்கம் செங்கல்மேல் நிற்கிறது.

சந்தியாகோ நகரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருமே எதையாவது வைத்து எதையாவது ஒப்பேற்றுகிறவர்கள்தான். இவர் அளவுக்கு யாரும் போனதில்லை. சங்கிலிக்கு எண்ணெய் கிடைக்காத மாதம் பன்றிக்கொழுப்பைத் தடவினார். தெருநாய்கள் எல்லாம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடின. ஒவ்வொரு முறையும் மாட்டி முடித்ததும் ஏதாவது ஒரு வாஷர் மிஞ்சும்.

“கம்பெனிக்காரன் அதிகமா ஒண்ணு போட்டுட்டான்” என்பார் கூசாமல்.

“மிஞ்சுனதையெல்லாம் சேத்தா இன்னொரு வண்டியே பண்ணிரலாம்பா!” என்பான் எதிர்வீட்டு ஹாசிந்தோ.

போன சனிக்கிழமை அவர் மகள் யுனைசிக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு அது கல்யாணம் மாதிரி. வாடகைக்கு எடுத்த நீலக் கவுனில், கடற்கரைப் பூங்காவில் படம் எடுக்க ஏற்பாடு. புகைப்படக்காரர் ஐந்து மணி வரைதான் இருப்பார். கவுனை அன்று மாலையே திருப்பித் தர வேண்டும். “எம்பொண்ணு ராணி மாதிரி என் வண்டியிலதான் போய் எறங்குவா” என்று எவாரிஸ்தோ பத்து நாளாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மதியம் பார்த்தால் பின்சக்கரத்தில் காற்றே இல்லை.

“இன்னிக்குப் போயா அதைக் கழட்டுவீங்க?” என்று கத்தினாள் மனைவி ஒதாலிஸ்.

“பஞ்சர் என்ன நாள் பாத்தா வரும்? கரண்டியக் குடு.”

“சூப்பு வச்சிருக்கேன்!”

“டம்ளர்ல குடிங்க.”

நாலு மணிக்குச் சக்கரம் ஏறிவிட்டது. அதிசயமாக எதுவும் மிஞ்சவில்லை. சத்தமே இல்லாமல் சுழன்றது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. யுனைசி ஏறி உட்கார்ந்தாள். கவுன் விரிந்து சக்கரத்தை மூடி, அதன் ஓரம் சங்கிலிமேல் போய் விழுந்தது. சங்கிலியை மூட வேண்டிய தகடு, கூரைமேல் டி.வி. ஆன்டெனாவாக நின்றுகொண்டிருந்தது.

“ஸ்டார்ட் பண்ணா கவுன் போச்சு” என்றான் ஹாசிந்தோ.

“கவுன் மட்டுமா? பொண்ணுமில்ல போயிடும்” என்றாள் ஒதாலிஸ்.

யுனைசிக்குக் கண் கலங்கிவிட்டது. “நடந்தே போயிடலாம்ப்பா.”

“இந்த மழைச் சேத்துலயா? எறங்காத. அப்படியே இரு.”

எவாரிஸ்தோ சக்கரத்தையே சற்று நேரம் பார்த்தார். பாவமாக இருந்தது. பிறகு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒதாலிஸும் ஹாசிந்தோவும் கவுனை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க, மகளை உட்காரவைத்தபடியே வண்டியைத் தள்ளத் தொடங்கினார். பூங்காவுக்குப் பன்னிரண்டு தெரு. முதல் முக்கில் திரும்பும்போது நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், நெஞ்சை நிமிர்த்தி, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டார்.