முத்துத்தாய் கட்டாத துணி

மூன்று. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முத்துத்தாய் தன் கையால் நாடிக்கட்டுப் போட்ட முகங்கள் மூன்று.

செத்தவர் வாய் திறந்து கிடக்கக் கூடாது. தாடைக்கு அடியில் வெள்ளைத் துணியைக் கொடுத்து, இரண்டு காதோரமும் மேலே ஏற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். உடம்பு விறைப்பதற்குள் போட வேண்டும். அது வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை இல்லை. தெருவில் விவரம் தெரிந்த பெரியவர் யாராவது வந்து செய்துவிட்டுப் போவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்தபோது அந்தப் பெரியவர்களும் பாயில் கிடந்தார்கள். மதுரையில் பஞ்சு மில்லுக்குப் பின்னால் கூலிக்காரர்களின் குடிசை வரிசையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட அடுத்த வீட்டுக்காரன் பயந்தான். முதலில் முத்துத்தாயின் அய்யா போனார். பின்னால் ஆத்தா. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் அவள் புருஷன்.

கட்ட ஆள் வரவில்லை. அவளே கட்டினாள். புருஷனின் வேட்டியைத்தான் கிழித்தாள். அய்யாவுக்கு ஒரு கிழிசல், ஆத்தாவுக்கு ஒரு கிழிசல். கடைசிக் கிழிசல் வேட்டிக்குச் சொந்தக்காரனுக்கே போய்ச் சேர்ந்தது. முடிச்சு நழுவாமல் இருக்க எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டிய வயசில்லை அது.

மிச்சம் தம்பி மலையாண்டி ஒருத்தன். தம்பியைப் பார்த்துக்கொள் என்று ஆத்தா சொல்லிவிட்டெல்லாம் போகவில்லை. சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. கப்பலூர்ப் பக்கம் மழையை நம்பிக் கிடந்த காட்டை விட்டு மதுரைக்கு வந்த குடும்பம் அது. திரும்பிப் போக அங்கே எதுவும் இல்லை. அக்காளும் தம்பியும் ஒரே மில்லில் உழைத்து ஒரே சட்டியில் குடித்தார்கள். அவள் கழிவுப்பஞ்சு பொறுக்குகிற இடத்தில். அங்கே பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கும். பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்துச் சுற்றிப் பின்னால் செருகிக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான். முகத்தை மூடுவது அவளுக்குப் புதுசில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது மில்லில் சங்கம் வைத்த புதிது. சங்கத்தில் சேர்ந்தவனை மில் வாசலில் ஆள் வைத்து அடித்தார்கள். அடித்தால் ஓடாத ஆட்கள் வேண்டும் என்று சங்கம் தொண்டர் படை ஒன்று அமைத்தது. காளவாசலில் செங்கல் சூளைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் அங்கே ஓட்டம், தண்டால், கம்பு. பழக்கியவர் சோலை. உலகச் சண்டையில் பாஸ்ராவுக்குப் பட்டாளம் போய்த் திரும்பிய ஹவில்தார். மலையாண்டிதான் படையிலேயே நல்ல கம்புக்காரன். அவன் கம்பு வீசினால் காற்று கிழிகிற சத்தம் சூளைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இருபதாம் வருஷம் மாசியில் காய்ச்சல் திரும்பி வந்தது. கொஞ்ச நாளைக்குப் பொட்டலுக்குப் போவதை நிறுத்துவோம் என்று சிலர் சொன்னார்கள். சோலை கேட்கவில்லை.

"நிறுத்தினா எங்க போவானுக? கள்ளுக்கடைக்குப் போவானுக. அங்க மூஞ்சியும் மூஞ்சியும் உரசிக்கிட்டு உக்காருவானுக. இங்க வெட்டவெளி. ஓடட்டும். ஆனா வாயக் கட்டிக்கிட்டு ஓடட்டும்."

பாஸ்ரா ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாயும் மூக்கும் மூடித் துணி கட்டியிருந்ததை அவர் பார்த்திருந்தார். காடாத் துணியை நாலு மடிப்பு மடித்து, வெந்நீரில் போட்டு எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பின்னால் முடிந்தால் ஓடுகிற ஓட்டத்தில் நழுவி விழுந்தது. அதனால் அதைத் தாடைக்கு அடியில் இழுத்து, காதோரமாக ஏற்றி, உச்சியில் முடியச் சொன்னார். அப்படி முடிந்தால் நழுவவில்லை. தாடையில் கட்டுகிற துணி நழுவாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. செத்தவர்களுக்குக் கட்டியவர்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

பொட்டல் ஓரமாகப் போகிற பருத்தி வண்டிக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. "என்ன மாப்ள, வாய்க்கூடு போட்டுட்டாகளா? கதிரத் தின்னுருவீகன்னு பயமா?"

மலையாண்டி ஓடிக்கொண்டே கத்துவான். "ஒங்க மாட்டுக்குப் போட வேண்டியதண்ணே, அளவு தெரியாம எனக்குப் போட்டுட்டாக. வண்டியில பருத்தி இருக்கான்னு திரும்பிப் பாருங்க, இந்நேரம் பாதிய ஒங்க மாடு தின்னுருக்கும்!"

முதல் நாள் அவன் துணியை அவிழ்க்க மறந்து அப்படியே வீட்டுக்கு வந்தான். முத்துத்தாய் வாசலில் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை கூழிலேயே நின்றுவிட்டது.

"யாருடா கட்டினது இத?"

"நானாத்தான்க்கா. ஹவில்தார் சொன்னாரு. நோவு காத்துல வருதாம். இது இருந்தா உள்ள போகாதாம்."

"உச்சியில முடியச் சொன்னாரா?"

"ஓடுறப்ப நழுவுது. அதுக்குத்தேன்."

அவள் எழுந்து வந்தாள். கூழ்க் கையோடு அவன் தலையைக் குனிய வைத்து முடிச்சைத் தொட்டாள். அவள் போடுகிற முடிச்சு மாதிரியே இறுக்கமாக இருந்தது. விரலால் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"நீயுந்தான மில்லுல மூஞ்சியச் சுத்திக்கிற?"

"அது முந்தானைடா. பஞ்சுக்குச் சுத்துறது. இது பொணத்துக்குக் கட்டுறது."

"எம்புட்டுப் பேரு கட்டியிருக்கோம் தெரியுமா? எல்லாரும் பொணமா?"

அவள் கூழ்ச்சட்டிக்குத் திரும்பினாள். மறுநாள் விடியற்காலை பொட்டலுக்கே போய்விட்டாள்.

சூளைப் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து தரையோடு படுத்திருந்தன. அந்தப் புகைக்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வெள்ளைத் துணி, தாடையை இறுக்கிய கட்டு, உச்சியில் முடிச்சு. வாய் தெரியவில்லை, கண் மட்டும் தெரிந்தது. பின்னால் இன்னும் ஆட்கள். சோலைக்கு அது தொண்டர் படை. அவளுக்கு அது வேறு. அய்யாவும் ஆத்தாவும் புருஷனும் எழுந்து ஓடி வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் தம்பி வந்தான். புதுத் துணி கட்டியிருந்தான்.

குறுக்கே போய் விழுந்து அவன் கையைப் பிடித்தாள். துணியைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். படை நின்றது. யாரோ ஒருத்தன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"என்ன தாயி இது," என்றார் சோலை. "நோவுக்குக் காப்பாத்தான கட்டச் சொல்லியிருக்கேன்."

"காப்பா? இந்தக் காப்ப மூணு பேருக்கு நாங் கட்டியிருக்கேன் அண்ணே. ஒருத்தரும் எந்திரிக்கல."

"சரி, உச்சியில வேணாம். பின்னால முடியச் சொல்றேன். போதுமா?"

"கண்ணு பாத்துருச்சு. இனிமே எங்க முடிஞ்சாலும் எனக்கு அதுதேன்." தம்பியின் பக்கம் திரும்பினாள். "என் தலையில கை வச்சுச் சொல்லு. இனி கட்ட மாட்டேன்னு சொல்லு."

"அம்புட்டுப் பேரும் பாக்குறாக, யக்கா."

"பாக்கட்டும். சொல்லு."

தடியடிக்கு அசையாதவன் மலையாண்டி. அக்காளின் தலையில் கை வைத்தான். சொன்னான்.

துணி கட்டாதவனுக்குப் படையில் இடமில்லை என்று சோலை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சட்டம் போட்டவர் அவர்தான். ஆனால் அவருக்கு வாய் வரவில்லை. மூன்று பேருக்குக் கட்டியவளிடம் என்ன பேசுவது? "தனியா ஓடு. யாரு மூஞ்சிக்கு நேராவும் நிக்காத," என்று மட்டும் சொன்னார். இரக்கப்பட்டு ஒருத்தனுக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்துகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தரம் படியுங்கள்.

தனியாக ஓடலாம். தனியாகக் கம்பு விளையாட முடியாது. மலையாண்டிக்கு ஜோடி சுருளி. அடுத்த குடிசைக்காரன், அவனோடு ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவன். சோலை பார்க்காத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் சூளைக்குப் பின்னால் போவார்கள். சுருளி தன் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்வான்.

"கட்டிக்கிட்டே வீசுடா," என்றான் மலையாண்டி. "நாந்தான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ பண்ணலயே."

"நீ காத்தக் குடிப்ப, நான் துணியச் சப்பணுமாக்கும்? போ மாப்ள. ஒனக்கு இல்லாதது எனக்கும் வேணாம்."

அதற்குப் பெயர் சிநேகிதம். ஒரு நாள் சுருளிக்கு எழுந்ததிலிருந்தே உடம்பு வலி. நேற்று எடுத்த தண்டாலால் வந்தது என்று நினைத்துக்கொண்டான். கம்பும் கம்பும் மோத, முகத்துக்கு நேர் முகம், ஒருத்தன் விட்ட மூச்சை மற்றவன் இழுக்க, வெயில் ஏறுகிற வரைக்கும் விளையாடினார்கள். சாயங்காலம் சுருளி பாயில் விழுந்தான். அடுத்து மலையாண்டி.

சுருளிக்குக் காய்ச்சல் இறங்கியது. மலையாண்டிக்கு நெஞ்சுக்குப் போய்விட்டது. உதடு நீலம் பாரித்தது. முத்துத்தாய் மில்லுக்குப் போகவில்லை. அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் தாழ்வாரம் வரைக்கும் ஆள் கிடப்பதாகப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். காற்றை இழுக்க முடியாமல் அவன் கை வாயருகே போய்ப் போய் வந்தது.

"யக்கா, கட்ட அவுத்து விடுக்கா."

"என்னடா?"

"வாயக் கட்டியிருக்காக. மூச்சு முட்டுது. அவுத்து விடுக்கா."

முகத்தில் துணி இல்லை. அவள்தான் கட்டவிடவில்லையே. காய்ச்சலில் பினாத்துகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விசிறியைக் கீழே வைத்தாள். அவன் உச்சந்தலையில் விரல்களைக் கொண்டுபோனாள். ஈரத் தலைமுடிக்குள் இல்லாத முடிச்சைத் தேடி, நெருடி, மெதுவாகப் பிரித்தாள். இரண்டு காதோரமும் தடவி இல்லாத துணியை எடுத்துக் கீழே போட்டாள்.

"அவுத்துட்டேன்டா. இப்ப இழு."

அவன் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. "இன்னும் இருக்குக்கா," என்றான். அவள் மறுபடி அவிழ்த்தாள். மில்லில் மத்தியானச் சங்கு ஊதுகிற வரைக்கும் அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். சங்கு ஊதி முடிந்தபோது அவள் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை ஆள் வந்தார்கள். படை முழுக்க வந்தது. துணி கட்டிக்கொண்டே வந்தார்கள். மலையாண்டியைக் கொடுத்தது போதும் என்று அன்றைக்கு ஒருத்தனும் அவிழ்க்கவில்லை. மலையாண்டி வாய் திறந்து கிடந்தான். தெருக்காரர்கள் முத்துத்தாயைப் பார்த்தார்கள்.

"விறைச்சுரும் தாயி," என்றார் சோலை மெதுவாக. "நீ கட்டுறியா?"

அவள் தம்பியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உசுரோட இருக்கையில கட்டவிடாத கை அண்ணே இது. இப்ப எந்த மூஞ்சியோட கட்டும்?"

சுருளி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பொட்டலில் அவள் பிடுங்கி எறிந்த துணியை அன்றைக்கே எடுத்து மடித்து வைத்திருந்தான். என்றைக்காவது அக்காள் மனசு மாறினால் மலையாண்டிக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தான். சோலை அதை வாங்கிக் கட்டினார். உச்சியில் முடிச்சுப் போட்டார். குடிசைக்குள் நின்றவர்கள் முகமும் கிடந்தவன் முகமும் ஒன்றுபோல் இருந்தன. நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

துணி கட்டியிருந்தால் மலையாண்டி பிழைத்திருப்பானா? ஒருத்தரும் அடித்துச் சொல்ல முடியாது. துணி கட்டியே ஓடியவர்களிலும் இரண்டு பேர் படுத்து எழுந்தார்கள். பொட்டலுக்கே வராத எத்தனையோ பேர் ஊரில் போனார்கள். சோலை இதையெல்லாம் அவளிடம் சொல்லிப் பார்த்தார். சுருளி அவள் காலில் விழுந்து, காய்ச்சலைக் கொடுத்தவன் நான்தான் என்று அழுதான். அவள் அவனைத் தூக்கி உட்காரவைத்துக் கூழ் கொடுத்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. கணக்கை அவள் வேறு ஒருத்தி தலையில் எழுதி முடித்திருந்தாள்.

பிற்பாடு அவள் இருபது வருஷத்துக்கு மேல் அதே கழிவுப்பஞ்சில் இருந்தாள். வேலைநிறுத்தத்தில் வாசலில் நின்றாள், அடியும் பட்டாள், ஒரு தரம் ஜெயிலுக்கும் போய் வந்தாள். புதுசாக எந்தப் பெண் வேலைக்கு வந்தாலும் பிடித்து நிறுத்தி, காடாத் துணியை மடித்து அவள் வாயில் கட்டிவிடுவாள். தாடைக்கு அடியில் கொடுத்து, காதோரம் ஏற்றி, உச்சியில் முடிவாள்.

"அய்யய்ய, பொணத்துக்குக் கட்டுற மாதிரியில்ல கட்டுறீக," என்று அந்தப் பெண்கள் முகம் சுளிப்பார்கள்.

"ஆமா. பேசாம நில்லு," என்பாள்.

இதனால் அவள் மனசு ஆறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சில நாள் அவள் விரல்கள் தானாகச் சோற்றுக்குள் எதையோ நெருடிப் பிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காத மாதிரி எழுந்து போவார்கள்.

குடிசை வரிசையில் சாவு விழுந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். போவாள். குளிப்பாட்டுவாள், சேலை மாற்றுவாள், ராத்திரி முழுக்க உடன் உட்காருவாள். கட்டுப் போடுகிற நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். சுருளியே ஒரு கோடையில் காலராவில் போனான். அவன் பெண்டாட்டி துணியை நீட்டிக் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அதற்கும் அவள் கை நீளவில்லை. நாற்பத்தி நாலாம் வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவள் கட்டிய நாடிக்கட்டு, கடைசி வரைக்கும்:

மூன்று.