பனி பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

அஜ்மானில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. அம்மா ஏசி ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். வெளியே கடற்கரையில் ஆட்கள் அரைக்கால் சட்டையோடு கைப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலோ ஏழு மாதத் தம்பி குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், காலுறை என்று சகல மரியாதைகளோடும் மூக்கும் கண்ணும் மட்டும் தெரியக் கிடப்பான். அவன் ஒரு தும்மல் போட்டால் போதும், ஜன்னல் இடுக்குகளில் துண்டைச் சுருட்டித் திணித்துவிடுவாள். அம்மா பயந்தது குளிர்காற்று ஒன்றுக்குத்தான். மற்ற எதையும் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நம்பினாள்.

அப்படிப்பட்டவளை மலைக்குக் கிளப்பிய பெருமை சித்தப்பாவைச் சேரும். அப்பாவின் தம்பி. ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை, பக்கத்திலேயே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஜாகை. வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். மலை உச்சியில் பனி கொட்டிக் கிடக்கிறதாம், கேம்ப் முழுக்க இதே பேச்சாம், இத்தனை வருஷ அரபு நாட்டு வாழ்க்கையில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். கூடவே ஒரு வீடியோ. அதில் யாரோ ஒருவர் வண்டியின் முன்கண்ணாடியிலிருந்து வெள்ளையாக எதையோ வழித்து இன்னொருவர் மேல் எறிந்தார்.

அப்பா அசையவில்லை. தினமும் துபாய்க்கு வண்டி ஓட்டிப் போய் வருகிறவர், லீவு நாளில் சாவியைப் பார்த்தாலே தோள்பட்டை வலிக்கிறது என்பார். தம்பிக்குச் சளி என்றாள் அம்மா. நான்தான் விடவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி காஷ்மீர் போய்வந்து, அதையே ஒரு பருவம் முழுக்கப் பேசித் தீர்த்திருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் பனி தேவைப்பட்டது. ஒன்பது வயதில் அது சாதாரண விஷயமில்லை. அழுது, சாப்பிடாமல் இருந்து, கடைசியில் சாதித்தேன்.

மறுநாள் மதியம் சித்தப்பாவை கேம்ப் வாசலில் ஏற்றிக்கொண்டோம். கூட வேலை செய்யும் டிரைவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கூடாரம், தகரத்தில் செய்த கரி அடுப்பு, ஒரு மூட்டை கரி, முந்தின ராத்திரியே மசாலா தடவி வைத்த கோழி எல்லாம் அவரோடு வந்தன. கூடாரத்தை மட்டும் அழுக்காக்காமல் கொடுக்க வேண்டும், அந்த பாய் கோபக்காரர் என்று ஏறும்போதே எச்சரித்தார். வழியெல்லாம் தம்பி அழுதான். வளைவுக்கு வளைவு வண்டிகள் நின்று நின்று ஏறின. உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே போலீஸ்காரர்கள் சாலையை மறித்திருந்தார்கள். மேலே வழுக்குகிறது, வண்டி போகாது. எல்லாரும் ஓரத்து மண்தரையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

குளிர் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பல் கிட்டித்தது. சித்தப்பா கூடாரத்தை விரித்து, அதன் வாசலில் அடுப்பைப் பற்றவைத்தார். கரி கனிவதற்குள் மேலே போய் எனக்குப் பனி எடுத்து வந்துவிடலாம் என்று அவரும் அப்பாவும் டிபன் பாக்ஸைக் காலி செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நானும் வருவேன் என்றேன். இந்தச் சட்டையோடு வந்தால் விறைத்துப் போவாய் என்று அப்பா என்னைக் கூடாரத்துக்குள் தள்ளினார்.

அவர்கள் வளைவைத் தாண்டி மறைந்தார்கள். சிறிது நேரத்தில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து விழ ஆரம்பித்தது. காற்று கூடாரத்தைத் தூக்கி அடித்தது. தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. குழந்தைக்குக் கை சில்லிட்டிருந்தது. அவன் அழுத அழுகையில் மூச்சு இழுத்தது. அம்மா என்னிடம் அவனைக் கொடுத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். அடுப்பில் கரி நன்றாகச் சிவந்திருந்தது.

கரி அம்மாவுக்குப் பழகின பொருள். வாரம் இருமுறை தம்பிக்குத் தலைக்கு ஊற்றியதும், பால்கனியில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டு, அவனை அதன்மேல் காட்டுவாள். அம்மாவின் கணக்கில் புகைகிற கரி கெட்டது, சிவந்த கரி நல்லது. ஆகவே துண்டைச் சுற்றிப் பிடித்து அடுப்பை அப்படியே உள்ளே தூக்கி வந்தாள்.

“புகையே இல்ல பாரு. சாம்பிராணித் தணல் மாதிரி நல்லா கனிஞ்சிருக்கு” என்று எனக்குக் காட்டினாள். பிறகு ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடி, அடியில் துண்டைச் செருகினாள். “அப்பா வர்ற வரைக்கும் இதத் திறக்கக் கூடாது. தம்பிக்கு ஆகாது.”

உள்ளே சுகமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். விரல்களுக்கு உயிர் வந்தது. தம்பியின் அழுகை தேய்ந்து, முனகலாகி, நின்றது. அஜ்மானிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு பெரிய அமைதி. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, அப்பாடா என்றாள். தலையை வலிக்கிறது என்றாள். பிறகு பையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். தம்பி தூங்கும்போது சத்தம் போட்டால் முதுகில் ஒன்று விழும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கும் நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. அம்மா என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்பியின் கை அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. குல்லாவுக்குள் அவன் முகம் அழகாக, ரோஜா நிறத்தில் இருந்தது. அப்படி ஒரு நிம்மதியான தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தணலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூடாரத்தின் நீலம் கிட்டே வந்து வந்து போனது. எனக்கும் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. படுத்தும்விட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது என் புத்தி அல்ல, வயிறு. குமட்டிக்கொண்டு வந்தது. இரவல் கூடாரம், கோபக்கார பாய், சித்தப்பாவுக்குக் கெட்ட பெயர் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்து, ஜிப்பைத் தேடினேன். கைக்கு அகப்படவே இல்லை. இழுத்தேன், பாதியில் சிக்கியது. அந்த ஓட்டை வழியாகத் தலையை நுழைத்து, விழுந்து, மண்ணில் வாந்தியெடுத்தேன். எழுந்து நிற்கப் பார்த்தால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு அரபிக் குடும்பம் திறந்த வெளியில் நெருப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தது. அதில் நரைத்த தாடி வைத்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். “ஃபஹம்! ஃபஹம்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். பள்ளிக்கூடத்து அரபிப் பாடத்தில் எனக்குப் புத்தகமும் பேனாவும்தான் தெரியும், கரி தெரியாது. அவர் கூடாரத்தின் ஒரு பக்கத்தை வேரோடு பிடுங்கினார். அடுப்பைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். உள்ளே புகுந்து அம்மாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். நான் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு, எங்கம்மாவை விடு என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் கத்தினேன்.

அந்த நேரத்தில்தான் அப்பாவும் சித்தப்பாவும் வளைவில் திரும்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் மனைவியை மண்ணில் இழுத்துக்கொண்டிருப்பதை அப்பா பார்த்தார். டிபன் பாக்ஸ் உருண்டது. ஓடி வந்த வேகத்தில் பெரியவரின் கழுத்துத் துணியைப் பிடித்துக் கையை ஓங்கினார். பெரியவர் தடுக்கவில்லை. தம்பியை அள்ளி அப்பாவின் கையில் திணித்தார். குழந்தையை வாங்க வேண்டுமானால் கழுத்தை விட வேண்டும். அப்பா விட்டார்.

தம்பியின் தலை அப்பாவின் கைமடிப்பில் தொங்கியது. பெரியவர் குல்லாவைப் பிடுங்கி எறிந்தார், ஸ்வெட்டரைக் கிழித்தார், அந்தக் கொட்டுகிற குளிரில் அவனை வெறும் உடம்பாக்கி, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பினார். கீழே சிதறிக் கிடந்த பனியில் ஒரு கை அள்ளி அவன் உள்ளங்காலில் தேய்த்தார். அது எனக்காக எடுத்து வந்தது. என்னைக் கேட்காமல் எடுக்கிறாரே என்று நான் ஓவென்று அழுதேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பா அம்மாவின் கன்னத்தைத் தட்டி, அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா புரண்டு வாந்தியெடுத்தாள். அதற்கும் பிறகுதான் தம்பியிடமிருந்து பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

அப்பா வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. பெரியவரே தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டார். போலீஸ் வண்டி முன்னால் வழிவிலக்கிப் போனது. அத்தனை கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். ஊசி ஊசியாகக் காற்று குத்தியது, அம்மா தம்பியின் முகத்தை அதற்கு நேராகத் திருப்பினாள். பெரியவர் திரும்பாமலே இந்தியில் ஏதோ சொன்னார்.

“தூங்க விடாதேன்னு சொல்றார்” என்றார் அப்பா. “என்ன ஆனாலும் தூங்க விடாதே.”

தம்பி கொஞ்சம் அழுதான், ஓய்ந்தான். ஓய்ந்ததும் அம்மா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வீறிட்டான். மறுபடி ஓய்ந்தான், மறுபடி கிள்ளினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவனை ஒரு சொட்டு அழவிடாத அம்மா. நான் முன்னிருக்கையைப் பிடித்து உலுக்கினேன்.

“அப்பா, அம்மா பாப்பாவைக் கிள்றா.”

“கிள்ளட்டும்” என்றார் அப்பா. “நல்லா கிள்ளட்டும்.”

இந்த வீட்டில் தம்பிக்கு என்னை விட்டால் யாருமில்லை என்று தோன்றியது. அம்மாவுக்குத் தெரியாமல் கையை நீட்டி, அவள் கிள்ளிய இடத்தை மெதுவாகத் தடவிக் கொடுத்தேன். அவன் அழுகை அடங்கும். அம்மா கிள்ளுவாள். நான் தடவுவேன். மலை இறங்கி முடிகிறவரை எங்கள் இருவருக்கும் இடையில் அந்தச் சண்டை நடந்தது.

ஆஸ்பத்திரியில் எங்கள் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய கூடாரத்துக்குள் கரி நெருப்பு விட்ட விஷவாயு, அதற்குப் புகையும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றார்கள். மறுநாள் டாக்டர், குழந்தை பிழைத்துக்கொண்டது என்றார். அப்பா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தம்பியின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்து, கன்றி, சில இடங்களில் நகம் பதிந்திருந்தது. அந்தக் காயங்கள் ஆறுகிறவரை நான் அம்மாவோடு பேசவில்லை.