பூதப்பாண்டித் தடத்தில் ஒரு டீசல் எஞ்சின்

பஸ் மெக்கானிக்குக்கு நல்ல நாள் என்பது அவனை யாரும் கூப்பிடாத நாள். ஐம்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் முதலாளியிடம் நச்சரித்து, அவருடைய பெட்ரோல் பஸ்ஸில் ஒரு டீசல் எஞ்சினை ஏற்றி வைத்தேன். நாகர்கோவில் வடசேரிக்கும் பூதப்பாண்டிக்கும் நடை. அதன்பின் எனக்கு நல்ல நாளே வரவில்லை. டீசலோடு மல்லுக்கட்டியவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது புரியும்.

சாவிக்கு அடங்காதது

டிரைவர் செல்லையா அண்ணன் பதினைந்து வருஷம் பெட்ரோல் வண்டி ஓட்டியவர். முதல் நாள் வடசேரியில் வந்து நின்று, பழக்கப்படி சாவியைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டார். டீசல் எஞ்சின் சாவிக்கு நிற்காது. எண்ணெயை நிறுத்த வேறொரு குமிழை இழுக்க வேண்டும். அரை மணி நேரம் வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"நான் திருப்பியாச்சு தம்பி. இனி நிக்கதும் நிக்காததும் அதுக்க இஷ்டமாக்கும்."

புத்தேரியில் ஏப்பம்

பெட்ரோல் வண்டியில் டாங்க் காலியானால் ஒரு டின் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம். செல்லையா அண்ணன் இதிலும் கடைசிச் சொட்டுவரை ஓட்டி, புத்தேரியில் நின்ற பிறகு டின்னைக் கவிழ்த்தார். வண்டி கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்றாமல் எஞ்சின் அசையாது. இதை அவரிடம் சொல்லாதது என் தப்பு. சைக்கிளில் போய், குழாய்த் திருகைத் தளர்த்தி, எஞ்சினோடு இருந்த கைப்பம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்து, பிறகு தெளிந்த எண்ணெய் வந்தது.

முதலாளிக்குச் சேதி போய்விட்டது. இன்னொரு தடவை தனக்குத் தலைக்குனிவு வந்தால் எஞ்சினையும் கழற்றி, என்னையும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, நிஜமாகவே பயந்தேன். அன்று புத்தேரியில் வண்டி கிளம்பக் கத்தரிக்காய்க் கடவப்பெட்டியோடு காத்து நின்ற ஒரு அம்மா மட்டும் கோபப்படவில்லை.

"பிள்ளைக்குப் பால் குடுத்தா முதுகைத் தட்டி ஏப்பம் விட வைக்கோம்லா, இதுக்கும் அப்பிடித்தானா?"

விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை

அதே தடத்தில் பெட்ரோல் பஸ் விட்டிருந்த இன்னொரு முதலாளி எங்கள் வண்டியைக் கேலி பேச, பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை யார் அதிக நடை அடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வடசேரிக்குத் திரும்பி வந்தால் ஒரு நடை. சாயாக்கடைச் சுவரில் கரிக்கோடு.

அவர்கள் வேகம், காலையிலேயே முந்தினார்கள். உச்சி வெயிலில் இறச்சகுளத்தில் அந்த பஸ் நின்றுபோயிருந்தது. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. ஈரச்சாக்கு சுற்றியும் பலனில்லை. தாண்டிப் போயிருந்தால் ஜெயித்திருப்போம். ஆனால் வழியில் நிற்கும் வண்டியின் ஆட்களை விட்டுவிட்டுப் போவது எங்கள் தடத்தில் வழக்கமில்லை. செல்லையா அண்ணன் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, அந்த பஸ்ஸையும் வடக்கயிற்றில் கட்டி வடசேரிக்கு இழுத்து வந்தார். ஊர்ந்து வந்ததில் எங்களுக்கு ஒரு நடைக்கான நேரம் போயிற்று. அந்த முதலாளி கரிக்கட்டையை எடுத்துத் தன் பக்கம் ஒரு கோடு போட்டார்.

"எப்பிடி வந்தா என்னவே? வந்து சேந்தா நடைதான்."

ஏழும் ஆறும்

விளக்கு வைத்தபோது அவர்களுக்கு ஏழு கோடு, எங்களுக்கு ஆறு. எஞ்சினைக் கழற்ற நான் ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். எங்கள் முதலாளி சுவர் பக்கம் போனார். பிறகு மேல்துண்டால் அவர்கள் பக்கம் ஒரு கோட்டை அழித்து, எங்கள் பக்கம் ஒன்று போட்டார்.

"அந்த ஒண்ணு நம்ம எஞ்சின் இழுத்ததுல்லா? நீ எதுக்குடே ஸ்பானரை எடுக்கே?"

மறுநாளிலிருந்து அந்த எஞ்சினைத் தாமே தேர்ந்தெடுத்ததாக முதலாளி ஊரெல்லாம் சொன்னார். அது கரும்புகை கக்கிய நாட்களில் மட்டும் என்னுடைய எஞ்சினாக இருந்தது.