நான் மேலன்னா மேலதான், கேப்டன்!

ஹெலிகாப்டர்ல இடது சீட்டுல உக்காந்து, தண்ணிக்கும் நமக்கும் எத்தன அடின்னு மீட்டரப் பாத்து கத்துறதுதான் ட்ரெய்னிங்ல என் வேலை. கேஸ அணைச்சியா, ஹெல்மெட் போட்டியான்னு கேட்டுக் கேட்டே வீட்ல கெட்ட பேரு வாங்குன ஆளா நீங்க? வாங்க, நம்ம கட்சி.

ஒரே சிக்கல், நான் பாஸாகணும்னா பக்கத்து சீட்டுல ஓட்டுற கேப்டன் கையெழுத்து போடணும். அவருக்கு என் வாயே ஆகாது.

ரோஜாப்பூ மாமா

தி.நகர்ல எங்க ஆபீஸுக்கு ஒரு மாப்பிள்ளையோட மாமா வந்தாரு. கடல்ல படகுல பொண்ணு மாப்பிள்ளை நிப்பாங்களாம், நாங்க மேலருந்து பூ தூவணுமாம். "ஒரு தென்னமர உயரம் போதும்"னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. சார், கடல் மேல ஐநூறு அடிக்குக் கீழ இஷ்டத்துக்கு இறங்க முடியாது, ஆள் இருக்கிற படகுக்கு மேல வரவே கூடாதுன்னு எங்க ரூல் புக்கையே விரிச்சுக் காட்டினேன். மாமா பொறுமையா புக்க மூடிட்டு சொன்னாரு:

"கீழ இருக்கிறது தண்ணிதானேம்மா, இடிச்சா வலிக்கவா போவுது?"

வெள்ளைக் கட்டை

மொதல்ல ஒரு ட்ரையல் பறந்து பாத்துடலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு. கல்யாணப் படகு நொச்சிக்குப்பம் மீனவர் பாபு அண்ணனோடது. ட்ரையல் எந்தப் பக்கம்னு சொல்லிட்டு வரப் போனேன். வலைய சரி பண்ணிக்கினு இருந்தாரு. பக்கத்துல முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை தெர்மாகோல் கட்டை. வலை எங்க கிடக்குன்னு காட்டற மிதவையாம். ஹெலிகாப்டர்னதும் என்ன ஏற இறங்கப் பாத்தாரு.

"இன்னா பாப்பா, மிதவையப் பாத்தா ஒதுங்கிப் போவச் சொல்லு, அதுக்குக் கீழதான் என் சோறு கீது."

கேப்டனோட கண்ணு

ரூல் ரொம்ப சிம்பிள். ஆள் இல்லாத இடத்துல ட்ரையலுக்காக ஐநூறுக்குக் கீழ இறங்கினா கேப்டன் வெளிய தண்ணியப் பாக்கணும், நான் மீட்டரப் படிக்கணும், இருநூறுல நிக்கணும். ரெண்டு பேர்ல யாரு "மேல"ன்னாலும் வாதாடாம ஏறணும். ட்ரையலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இத அப்படியே ஒப்பிச்சேன். கேப்டன் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டே சொன்னாரு:

"இருபது வருஷமா என் கண்ணுதான் எனக்கு மீட்டர், நீ கத்தாம வா பாப்பா."

அந்தப் படகு

அன்னிக்கு அலையே இல்ல. கடலும் வானமும் ஒரே வெள்ளை. "முன்னூறு... இருநூத்தம்பது... இருநூறு, நிறுத்துங்க"ன்னேன். அவர் நிறுத்தல. "அதோ பாரு படகு, எவ்ளோ சின்னதா தெரியுது. ஏகப்பட்ட உயரம் இருக்கு"ன்னாரு.

பாத்தேன். அது படகு இல்ல, பாபு அண்ணனோட தெர்மாகோல்! மீட்டர் எண்பதுன்னுது. கையெழுத்தாவது மண்ணாவதுன்னு "மேல! மேல! மேல!"ன்னு அலறினேன். ஏத்தினாரு. எங்க றெக்கைக் காத்துல அந்தப் 'படகு' குட்டிக்கரணம் போட்டுச்சு. அவரும் பாத்தாரு.

ஆபீஸ் வந்ததும் கேப்டன் மொத வேலையா மாமாவுக்கு போன் போட்டு, "ஐநூறு அடி, தள்ளி நின்னுதான், இஷ்டம்னா சொல்லுங்க"ன்னாரு. அப்புறம் என் ஃபாரத்த இழுத்து கையெழுத்து போட்டுட்டு நிமிந்தாரு:

"இருநூறுலயே இதே சத்தம் போட்டிருக்கணும் நீ."

வாயாடி வாயாடின்னு அத்தன பேரும் திட்டுன வாய்க்கு இப்போ கையெழுத்தோட சர்டிபிகேட்டே இருக்கு, போங்க.