மோந்து பார்த்த வைக்கோல்

எங்கள் பக்கம் நெல் நடுவது குறைவு. ராசிபுரத்தைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீரில் சோளமும் மரவள்ளியும்தான். மாட்டுக்கு வைக்கோல் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும். எல்லாம் இயந்திரம் சுருட்டிக் கட்டிய உருளைக் கட்டுகள். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். மழையில் நனைந்ததைச் சுருட்டியிருந்தால் உள்ளே பூசணம் பிடித்துக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி உருவி மோந்து பார்க்க வேண்டும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. லாரி வந்தால் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட, "அம்மிணி வந்து மோந்து சொல்லட்டும்" என்று காத்து நிற்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம்தான்.

அப்புறம் கொரோனாக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தேன், மோப்பம் போய்விட்டது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பியது, எனக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? திமிர், வேறென்ன.

அப்போது எங்கள் செவலைப் பசு எட்டு மாதச் சினை. தலைச்சன் ஈத்து. பிறந்த மறுநாளே தாயைப் பறிகொடுத்ததை நான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்திருந்தேன். அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை.

வைக்கோல் லாரி வந்து நின்றது. சுற்றிலும் நான்கைந்து பேர். கையை விட்டேன், உருவினேன், மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினேன். ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல வக்கப்புல்லுதானுங்க, எறக்குங்க" என்றேன்.

தினமும் விடியுமுன் இருட்டில் நானேதான் அதைப் பிரித்துப் போட்டேன். பத்தாம் நாள் பசு குறைமாதத்தில் கன்று வீசிவிட்டது. விடிந்து கட்டுத்தரைக்குப் போனால் கிடாரிக் கன்று உயிரில்லாமல் கிடக்கிறது. பசு அதை நக்கிக்கொண்டே இருந்தது. நான் கன்றைத் தூக்கக் குனிந்தபோது முட்டவில்லை, உதைக்கவில்லை. நகர்ந்து எனக்கு வழிவிட்டது. அடப்பாவி, என்னைப் போய் நம்பினாயே என்று அழுதேன்.

மாட்டு டாக்டர் வந்து, தீனியைப் பார்க்க வேண்டுமென்று ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். நடுவில் கறுத்துக் கிடந்தது. உதறினால் சாம்பல் நிறத்தில் பொடி பறந்தது.

"இதையாங்க போட்டீங்க? சும்மா நின்னாலே மூக்கைத் தொளைக்குதே!" என்றார்.

வீட்டுக்காரர் வைக்கோல்காரனை போனில் பிடித்துக் கன்னாபின்னாவென்று திட்டினார். "அக்கா மோந்து பாத்துத்தானுங்க எறக்குனாங்க" என்று அவன் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. "எம் பொண்டாட்டி மூக்கு பொய் சொல்லாது. இனி இந்தப் பக்கம் வராத" என்று இவர் போனை வைத்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டுத்தரையைக் கூட்டப் போனேன்.

அதற்குப் பிறகுதான் மோப்பம் திரும்பியது. முதலில் வந்தது பூசண வாசம். காபியில் அது, ரசத்தில் அது, மகள் தலையில் வைத்த மல்லிகையில் அது. துவைத்து வெயிலில் உலர்த்திய சேலையிலும் அதேதான். சிலருக்கு இப்படித்தான் திரும்பும், போகப் போகச் சரியாகும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கன்றுதான் என்னை விடாமல் சுற்றுகிறது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

பசு மறுபடி சினையானது. அடுத்த பட்டத்து வைக்கோல் வந்தது. எல்லாம் நாறியது. இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் தீனி தீர்ந்து மாடுகள் கத்தத் தொடங்கியபோது மூன்றாவது லாரி வந்தது. அதுவும் நாறியது. கையில் பிடித்த வைக்கோலோடு உடைந்துபோனேன். வீட்டுக்காரரைத் தனியாக வேலியோரம் கூட்டிப்போனேன்.

"ஏனுங்க, எனக்கு நல்லது கெட்டது ஒண்ணுமே தெரியலீங்க, எல்லாமே நாறுது. போன தடவையே மூக்கு செத்துக் கெடந்துச்சு. பொய்யா மோந்தேன். கன்ன நாந்தான் கொன்னேன்."

அறைவார் என்றே நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "அதுக்கு முன்னாலயே ஒரு நா அடுப்புல பால் தீஞ்சு ஊடே நாறுச்சு. நீ பக்கத்துலயே உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருந்த."

"அப்பறம் ஏனுங்க என்னையத் தடுக்கல?"

"அத்தன பேரு முன்னால உன்னைய எப்படிப் புள்ள சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலா, என் மேலா என்று இன்றுவரை தெரியாது. என் மானத்தை நானும் காப்பாற்றினேன், அவரும் காப்பாற்றினார். அந்த வாயில்லா ஜீவனை இருவருமே நினைக்கவில்லை.

அவர் போய்க் கட்டுக்குள் கையை விட்டு உருவி, நிதானமாக மோந்தார். "எனக்கு நல்லாத்தான் இருக்குது. எறக்கச் சொல்லட்டுமா?" என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் அவரே ஒரு கத்தையைக் கொண்டுவந்து பசுவின் முன்னால் போட்டார். எனக்குக் குடலைப் பிடுங்கும் நாற்றம். பசு குனிந்து வாய் வைத்தது. தட்டிவிடப் போன என் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது தின்று முடிக்கும்வரை நின்றேன்.